பின்தேதியிட்ட படகு

எமில் பாஸ்கோ அன்று காலை பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே முடிவெடுத்துவிட்டார். வரப்போகிற பணத்தில் முதல் செலவு படகு. இரண்டாவது செலவு அந்தப் படகுக்கு ஒரு தார்ப்பாய். மூன்றாவதாக ஏதாவது மிஞ்சினால் குடும்பம். இந்த வரிசையை மனைவி ரெஜினாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதையும் வாய் கொப்பளிக்கும் முன்பே முடிவெடுத்தார். வேண்டாம்.

படகு கோவாலிக்கின் பட்டறை முற்றத்தில் நின்றது. பச்சை நிறம், அலுமினியம், பழசு, நாலாயிரத்து எண்ணூறு டாலர். இரண்டு வருஷமாக அதைக் கடந்துதான் எமில் முதுகு வைத்தியரிடம் போய்வந்தார். கண்ணாடித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் பாரம் தூக்கிய முதுகு அது. தொழிற்சாலையில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலுக்குக் கிளம்பும்போது, சொந்த வீட்டு வாசலில் பனிக்கட்டி வழுக்கி விழுந்தார். பனி உருக உப்பைத் தூவிவிட்டு இறங்கு என்று ரெஜினா சொல்லியிருந்தாள். அதைப் பற்றி இப்போது பேசிப் பயனில்லை என்பது எமிலின் கட்சி.

இரண்டு அறுவை சிகிச்சை ஆயிற்று. பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது. பால் கேனைத் தூக்க முடியாது. சாய்ந்துகொள்ள இடம் இருந்தால், நெளிந்து நெளிந்து கொஞ்ச நேரம் உட்காரலாம். ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது. ஜன்னலில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் ஊர் முழுக்க 'ஐயோ பாவம்' என்கிறது. படகில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் 'மீன் கடிக்குதா' என்றுதான் கேட்கும். எமிலுக்கு வேண்டியதெல்லாம் அந்த இரண்டாவது கேள்விதான்.

பணம் என்றால் சம்பளத்தில் அரசாங்கம் மாதாமாதம் பிடித்து வைத்த பணம். வேலை செய்ய முடியாதவருக்கான உதவித்தொகை. மனுப் போட்டு, நிராகரித்து, மறுபடி போட்டு, இரண்டு வருஷம் இழுத்தடித்து, இப்போது சரி என்று கடிதம் வந்துவிட்டது. மாதம் ஆயிரத்து ஐந்நூறு டாலர். இதுவரை தராததற்குச் சேர்த்து ஒரே மொத்தமாக இருபத்தேழாயிரம்.

கடிதத்தை எமில் நான்கு தடவை படித்தார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாகப் புரிந்தது. கடைசியில் அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு நார்பர்ட்டிடம் போனார். நார்பர்ட் தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். ஊராருக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்ததால் கடிதத்தில் இருப்பதெல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைப்பவர்.

"அஞ்சு மாசம் காத்திருப்புக் காலம்னு போட்டிருக்கு நார்பர்ட். இன்னும் அஞ்சு மாசம் காத்திருக்கணுமா?"

"இல்லப்பா. அது முடிஞ்சுபோச்சு."

"எப்ப?"

"நீ விழுந்த வருஷமே. ஏப்ரல்ல ஆரம்பிச்சு ஆகஸ்டுல முடிஞ்சுது."

"எனக்கு யாரும் சொல்லலையே. நான் காத்திருந்தேன்னு எனக்கே தெரியாதே."

"தெரியாட்டி என்ன? காத்திருந்துட்டே."

"அப்ப அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் தினம் தபால் பெட்டியத் திறந்து திறந்து பாத்தேனே, அது என்ன?"

"அது காத்திருப்புக் காலம் இல்ல. அது சும்மா லேட்டு. லேட்டானதுக்குப் பணம் உண்டு. காத்திருப்புக்குத்தான் பணம் கிடையாது."

எமில் வேலியைப் பிடித்துக்கொண்டார்.

"அதாவது, காத்திருக்கோம்னு தெரிஞ்சு காத்திருந்தது காத்திருப்பு இல்ல. தெரியாம இருந்ததுதான் காத்திருப்பு."

"இப்பத்தான் உனக்குப் புரிய ஆரம்பிக்குது."

"மார்ச் மாசம் என்னாச்சு? விழுந்தது மார்ச்சுலதானே?"

"மார்ச்சு சேராது. அஞ்சும் முழு மாசமா இருக்கணும். நீ விழுந்தது மூணாந்தேதி. ஒண்ணாந்தேதியே விழுந்திருந்தா மார்ச்சும் முழு மாசம்னு ஆகியிருக்கும். காத்திருப்பு ஜூலையோட முடிஞ்சு, ஒரு மாசப் பணம் கூட வந்திருக்கும். ரெண்டு நாள் பொறுக்காம விழுந்தேன்னா பரவாயில்ல, ரெண்டு நாள் பொறுத்துல்ல விழுந்திருக்கே."

எமில் வீட்டுக்கு வந்தார். ரெஜினா பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்து வந்து, முதியோர் இல்லத்துச் சலவை வேலைக்குக் கிளம்புவதற்கு முன், நின்றுகொண்டே முட்டைக்கோசும் நூடுல்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக அவள் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

"நான் விழுந்த அந்த மார்ச்சுல, ஒண்ணாந்தேதி நான் எங்க இருந்தேன்?" என்றார் எமில்.

"வெள்ளிக்கிழமை. தவக்காலம், கறி கூடாது. தீயணைப்பு நிலைய மண்டபத்துல மீன் விருந்து. மூணு தட்டு சாப்பிட்டே."

"வெளில பனிக்கட்டி இருந்துதா?"

"கண்ணாடியாட்டம் இருந்துது."

"அப்ப நான் ஏன் விழல?"

"நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

"நீ ஏன் பிடிச்சே? ஆயிரத்தைந்நூறு டாலர் போச்சு."

ரெஜினா தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

கடிதத்தின் கடைசிப் பாராவில்தான் சிக்கல் இருந்தது. மனுவோடு வந்த கேள்வித்தாளில் ஒரு பக்கம் பணத்தைப் பற்றி. சில்லறை எண்ண முடியுமா? பில் கட்ட முடியுமா? வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொள்ள முடியுமா? அப்போது நார்பர்ட் ஒரு யோசனை சொல்லியிருந்தார். "எல்லாத்துக்கும் முடியாதுன்னே போடு. ஒண்ணு முடியும்னு போட்டா, அப்ப எல்லாமே முடியும்னு நினைச்சுக்குவாங்க." எமில் அப்படியே போட்டார். முதுகு வலிக்கும் சில்லறைக்கும் என்ன சம்பந்தம் என்று ரெஜினா கேட்டதற்கு, "உனக்கு இதெல்லாம் புரியாது" என்றும் சொல்லிவிட்டார்.

இப்போது உதவித்தொகை ஆபீஸ் கேட்டது. ஐயா, பணத்தைக் கையாள முடியாது என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே தங்கள் சார்பில் பணத்தை வாங்கி, தங்களுக்காகச் செலவு செய்ய ஒரு பொறுப்பாளர் தேவையா என்று பேச வேண்டும். வியாழக்கிழமை வரவும்.

பொறுப்பாளர் என்றால் வழக்கமாக மனைவி. மனைவி என்றால் கூரை, அடுப்பு, ஆஸ்பத்திரி பாக்கி. படகு அந்த வரிசையில் எங்கேயும் வராது. எமில் நிறைய யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். நார்பர்ட்டையே பொறுப்பாளராகப் போட்டுவிடுவது. பிடிக்கிற மீனில் பாதி என்றதும் நார்பர்ட் ஒப்புக்கொண்டார்.

ரெஜினாவிடம் சொல்ல வேண்டுமே. சண்டைக்கு மூன்று பதில்களைத் தயார் செய்துகொண்டு போனார்.

"பொறுப்பாளரா நார்பர்ட்டைப் போடலாம்னு இருக்கேன். உனக்கு ஏற்கெனவே வேலை ஜாஸ்தி. பாவம் நீ."

ரெஜினா துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். "நல்ல யோசனை," என்றாள்.

மூன்று பதில்களும் வீணாயின. எமிலுக்கு அது நிம்மதியாக இல்லை. முப்பது வருஷ மணவாழ்க்கையில் ரெஜினா அவருடைய எந்த யோசனையையும் நல்ல யோசனை என்று சொன்னதில்லை.

வியாழக்கிழமை மூவரும் போனார்கள். மிஸ் லாட்டிமர் என்ற அதிகாரி, தடித்த கண்ணாடி, பொறுமையான குரல். முதலில் நார்பர்ட்டைப் பார்த்தார்.

"பொறுப்பாளரா இருக்கச் சம்மதமா?"

"சந்தோஷமா."

"சாப்பாடு, வீடு, துணிமணி, வைத்தியம். முதல்ல இதுக்குத்தான் செலவு பண்ணணும். மிச்சத்த அவர் பேர்ல சேர்த்து வைக்கணும். எதுக்குச் செலவாச்சுன்னு நாங்க கேப்போம், ரசீதெல்லாம் வச்சிருக்கணும். தப்பாச் செலவு பண்ணியிருந்தா உங்க கைக்காசுலேர்ந்து திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்."

நார்பர்ட் தொண்டையைச் செருமினார். "படகு துணிமணில வருமா?"

"வராது."

"வைத்தியத்துல? மனசுக்கு?"

"வராது."

நார்பர்ட் எழுந்தார். "எனக்கு இடுப்பு வலி," என்றார். "இடுப்பு வலிக்காரன் அடுத்தவன் பணத்தப் பாத்துக்கறது நல்லதில்ல." வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

இப்போது அறையில் மூன்று பேர். எமிலுக்கு ஒரே வழிதான் பாக்கி. "எனக்கு யாரும் வேண்டாம். நானே பாத்துக்குவேன்," என்றார்.

"கேள்வித்தாள்ல முடியாதுன்னு எழுதியிருக்கீங்க."

"அப்ப முடியல. இப்ப முடியும்."

"உடம்பு தேவலையா?"

"உடம்பு தேவலை இல்ல. முதுகு அப்படியேதான் இருக்கு. பணம் மட்டும் தேவலை." தான் என்ன சொல்கிறோம் என்று எமிலுக்கே விளங்கவில்லை. முடியும் என்று சொன்னால் உதவித்தொகையே போய்விடுமோ, முடியாது என்று சொன்னால் படகு போய்விடுமோ என்று பயம். எது முடியும் எது முடியாது என்று வெள்ளைத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு வந்திருக்கலாம்.

"பயப்படாதீங்க. பணத்தப் பாத்துக்கறது வேற, வேலை செய்யறது வேற," என்றார் மிஸ் லாட்டிமர். "வீட்டு எரிவாயு பில் மாசம் எவ்வளவு வரும்?"

எமில் கூரையைப் பார்த்தார். முப்பது வருஷமாக அந்த வீட்டில் எரிவாயு எரிகிறது. பில் என்று ஒன்று வரும் என்பது தெரியும். அது எங்கே வந்து எங்கே போகிறது என்பது தெரியாது. "குளிர் காலத்துல ஜாஸ்தி," என்றார்.

"உங்க வங்கி எந்தத் தெருவுல இருக்கு?"

"முன்னாடி ஒரு தெருவுல இருந்துது. இப்ப மாத்திட்டாங்களாம்."

மாற்றி இருபது வருஷம் ஆகிறது. எமிலுக்கு வியர்த்தது. பொய் என்று நினைத்துக் கேள்வித்தாளில் எழுதியதெல்லாம் மெய்யாகவே இருந்துவிட்டது. அது அவருக்குப் பெரிய அதிர்ச்சி. மிஸ் லாட்டிமர் ரெஜினா பக்கம் திரும்பினார். இனி அவள் வாயைத் திறந்தால் படகு முங்கியது என்று எமில் கண்ணை மூடிக்கொண்டார்.

"அவருக்குத் தெரியும்மா," என்றாள் ரெஜினா. "பதட்டத்துல வரமாட்டேங்குது. இத்தனை நாள் நான் விடாம நானே கட்டிட்டிருந்தேன், அது என் தப்பு. புத்திசாலி மனுஷன். எல்லாத்தையும் அவரே பாத்துக்குவார். பணத்த அவர் பேருக்கே அனுப்புங்க."

எமில் கண்ணைத் திறந்தார். இப்படிப்பட்ட மனைவியிடமா நாம் ஒளித்தோம் என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்த வருத்தம் வீடு வந்து சேரும்வரை இருந்தது. அதன் பிறகு கோவாலிக்குக்குப் போன் செய்து படகை யாருக்கும் விற்க வேண்டாம் என்றார். பணம் கைக்கு வந்தபிறகு பேசுவோம் என்றார் கோவாலிக்.

பத்து நாளில் இருபத்தேழாயிரமும் எமிலின் கணக்கில் வந்து விழுந்தது. மறுநாள் காலை அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். ரெஜினா சமையலறை மேஜை இழுப்பறையைக் கழற்றி, அப்படியே மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"இது என்ன?"

"பில்லு."

"எதுக்கு என்கிட்ட?"

"எல்லாத்தையும் நீயே பாத்துக்குவேன்னு அந்தம்மாகிட்டச் சொன்னேன். அவங்க எழுதிக்கிட்டாங்க. கவர்மென்ட்டுக்குப் பொய் சொன்னவளா நான் ஆகமுடியாது."

"இவ்வளவா?"

"இது வீட்டு வரி. இது எரிவாயு, நீ சொன்னியே குளிர்காலத்துல ஜாஸ்தின்னு, அது. இது ரெண்டாவது ஆபரேஷன். இது முதல் ஆபரேஷன், மயக்க மருந்துக்காரன் தனியா அனுப்பினது. இது உன் தம்பிகிட்ட வாங்கின கடன்."

"என் தம்பிகிட்டயா? எப்ப?"

"நார்பர்ட்கிட்டச் சொன்னியே, உனக்குத் தெரியாமலே காத்திருந்தேன்னு. அப்ப."

எமில் உட்கார்ந்தார். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து அலுத்துப்போன அந்த மாதங்களில் வீடு சூடாக இருந்தது, தட்டில் சாப்பாடு இருந்தது. அதெல்லாம் எப்படி இருந்தது என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. முதல் தடவையாக அவருக்கு அது உறைத்தது. ஆனால் படகும் ஞாபகம் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால் எதை முதலில் நினைப்பது என்று தெரியவில்லை.

"நாம சேர்ந்து பாப்போமா?" என்றார்.

"சேர்ந்து பாத்தா நீ தனியாப் பாக்கிற மாதிரி ஆகாதே," என்று சொல்லிவிட்டு ரெஜினா வேலைக்குப் போனாள்.

அடுத்த ஆறு வாரம் எமில் பட்ட பாடு சொல்லி மாளாது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து வந்தவள் அது வேறு பிரிவு என்றாள். வேறு பிரிவில் வேறு பாட்டு. ஒரே பில்லை இரண்டு தடவை கட்டினார். கட்டாத ஒன்றைக் கட்டியாயிற்று என்று சண்டை போட்டார். பிறகு சளைக்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்து, எதற்கு எப்போது கெடு, யாரிடம் எவ்வளவு குறைக்கச் சொல்லலாம் என்று தெரிந்துகொண்டார். மயக்க மருந்துக்காரனிடம் பேரம் பேசி நாலில் ஒரு பங்கு குறைத்தார். அன்றைக்கு மட்டும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. கூரைக்கும் ஆள் பிடித்தார், மழை கட்டில்மேலேயே விழுந்ததால்.

எல்லாம் கட்டி முடித்தபோது கையில் மிஞ்சியது மூவாயிரத்துச் சொச்சம். கோவாலிக் நாலாயிரத்து எண்ணூறிலிருந்து இறங்கவில்லை. அடுத்த வாரம் பட்டறைப் பக்கம் போனபோது முற்றம் காலியாக இருந்தது. யாரோ வாங்கிவிட்டார்களாம்.

அன்று எமிலுக்கு மனம் விட்டுப்போயிற்று. படகும் இல்லை, பில்லும் தீரவில்லை. பில் என்பது மாதாமாதம் முளைப்பது என்பதை அவர் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார். இதைவிட ஜன்னலே தேவலை. ரெஜினாவிடம் போனார்.

"நான் திரும்ப ஆபீசுக்குப் போறேன். என்னால முடியல, நீயே பொறுப்பாளர்னு எழுதிக் குடுத்துடறேன்."

"தாராளமாப் போ," என்றாள் ரெஜினா. "மூணு மணிக்கு அங்க வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவள் அந்த நேரத்தில் சலவை வேலையில் இருக்க வேண்டியவள். அது எமிலுக்கு உறைக்கவில்லை. அவர் எல்லாக் காகிதத்தையும் ஒரு பையில் போட்டு, தடியை ஊன்றிக்கொண்டு பஸ் ஏறினார். தன்னால் முடியாது என்பதை இந்தத் தடவை சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்துவிடுவது என்று வைராக்கியமாகப் போனார்.

"பாருங்கம்மா, எவ்வளவு சிக்கல்னு," என்று மிஸ் லாட்டிமர் முன்னால் பையைக் கொட்டினார். "எரிவாயு மாசம் நூத்து நாப்பது. ஏப்ரல்ல குறையும், ஆனா வருஷம் முழுக்கச் சமமாப் பிரிச்சுக் கட்டற திட்டத்துல சேர்ந்துட்டேன். வீட்டு வரி ரெண்டு தவணை. இந்த ஆஸ்பத்திரிக்காரன் ரெண்டு தடவை வாங்கிட்டான், ஒண்ணைத் திருப்பி வாங்கிட்டேன். இவன்கிட்ட நாலுல ஒண்ணு குறைச்சேன். என் தம்பிக்கு முழுசாக் குடுத்தாச்சு, வட்டி வேண்டாம்னுட்டான். இதெல்லாம் ஒரு மனுஷன் பாக்க முடியுமா? என்னால முடியல."

மிஸ் லாட்டிமர் ஒவ்வொரு காகிதமாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிஸ்டர் பாஸ்கோ, என் வீட்டு பில்லை நானே இவ்வளவு ஒழுங்கா வச்சுக்கறதில்ல. உங்களுக்குப் பொறுப்பாளர் தேவையில்ல. பணம் உங்க பேருக்கே வரும்."

"நான் முடியாதுன்னு சொல்றேன்."

"முடியாதவங்க இப்படிச் சொல்ல மாட்டாங்க."

"அப்ப முடியும்னு சொன்னா?"

"அதையும் ஒத்துக்குவோம்."

எமிலுக்குத் தலை சுற்றியது. முடியாத காலத்தில் முடியாது என்று பொய் சொன்னார், அது மெய்யாகப் போயிற்று. இப்போது முடியாது என்று மெய் சொல்ல வந்தார், அது பொய்யாகிவிட்டது. எந்தத் தேதியில் எது மாறியது என்று கேட்கலாமா என்று யோசித்தார். அதற்கும் ஏதாவது காத்திருப்புக் காலம் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து வெளியே வந்தார்.

வாசலில் ஒரு வண்டி நின்றது. நார்பர்ட்டின் மனைவி ரோசெல்லா ஓட்டி வந்திருந்தாள். பக்கத்தில் ரெஜினா, தலையில் வெயில் தொப்பி, மடியில் ஒரு பெரிய ரொட்டிப் பொட்டலம். அவள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வண்டிக்குப் பின்னால், சக்கரம் வைத்த இழுவை வண்டியின்மேல், பச்சைப் படகு.

எமில் படகைப் பார்த்தார். ரெஜினாவைப் பார்த்தார். மறுபடி படகைப் பார்த்தார்.

"யாரோடது இது?"

"என்னோடது பாதி, ரோசெல்லாவோடது பாதி."

"உனக்கு ஏது பணம்?"

"என் சம்பளம். ரெண்டு வருஷமா அது பில்லுக்கே சரியாப் போச்சு. இப்பதான் பில்லெல்லாம் நீ பாக்கிறியே. அதான் மிச்சமாச்சு. சலவை வேலையையும் போன வாரமே விட்டுட்டேன்."

எமில் பையைக் கீழே வைத்தார். முதுகு வலித்தது. கோபம் வரவேண்டிய இடம் இது என்று தெரிந்தது. அதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் சின்னக் குரலில் கேட்டார்.

"சாய்ஞ்சு உக்கார இடம் இருக்கா அதுல?"

"உனக்குன்னே சாய்மானம் வச்ச நாற்காலி போட்டிருக்கேன். வண்டியில ஏறு," என்றாள் ரெஜினா. அவர் ஏறி உட்காரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். "ஏரியில படகு நிறுத்த மாச வாடகை உண்டு, பில்லை உன் பேருக்கே அனுப்பச் சொல்லிட்டேன்."